தாடைப் பூட்டும் இரண்டு ஊசிகளும்

ஜூலை 8, 2024

காலையில் இட்லியை விண்டு வாயருகே கொண்டுபோன பிறகுதான் வாய் பாதியிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. ஆறேழு மாதங்களாகக் கொட்டாவி விடும்போதெல்லாம் இடது காதுக்கு முன்னால் ‘டொக்’கென்று ஒரு சத்தம் கேட்டுவந்தது, இரண்டு நாள்களாக அது கேட்கவில்லை என்பதால் தொல்லை விட்டது என்று மகிழ்ந்திருந்தேன். மூன்று விரல்கள் அடுக்காக நுழைய வேண்டிய வாயில் இப்போது ஒன்றரை விரல்தான் நுழைகிறது. பத்தாம் வகுப்பில் செய்யுளை வாய்விட்டுப் படிக்க இயலாமல் ஒரு மாணவியைப் படிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 12

முதலில் போன பல் மருத்துவமனையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். பல்லில் வலியே இல்லாதபோது அதை ஏன் இழக்க வேண்டும் என்று தோன்றியதால், தஞ்சாவூரில் வாய், முக அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். அவர் சிறிய அளவுகோலை முன்பற்களுக்கிடையே வைத்து அளந்து, ‘24 மில்லிமீட்டர்’ என்று குறித்துக்கொண்டார். பெரியவர்களுக்கு 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டுமாம். சத்தம் நின்றது நல்ல சேதி அன்று என்பதையும் அவர்தான் விளக்கினார். தாடை எலும்பின் குமிழுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. முன்பக்கம் நழுவிய வட்டு, வாய் திறக்கும்போது மறுபடி குமிழின்மேல் ஏறி அமர்ந்ததால்தான் இதுவரை ‘டொக்’ கேட்டது. இப்போது அது ஏறவே முடியாமல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

ஜூலை 18

எம்ஆர்ஐ படம் அதையே உறுதி செய்தது. பத்து நாள் வெந்நீர் ஒற்றடம், வலி மாத்திரை, குழைந்த சோறு ஆகியவற்றால் வலி சற்றுக் குறைந்ததே தவிர வாய் திறக்கவில்லை. ஊசி போடலாமா என்று நானே கேட்டேன். ‘எந்த ஊசி, டீச்சர்?’ என்று அவர் திருப்பிக் கேட்டபோதுதான், ஊசி என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட சிகிச்சைகள் அடங்கிக் கிடக்கின்றன என்பது புரிந்தது.

போடாக்ஸ் மூட்டுக்குள் போவதில்லை; கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகளில் போடப்பட்டு, சில நாள்களில் அவற்றின் இறுக்கத்தைத் தளர்த்தி, மூன்று நான்கு மாதங்களில் வேகம் இழக்கிறது. இரவில் பல்லைக் கடித்துத் தசை வலி வாங்கிக்கொள்பவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும். நழுவிய வட்டை அது ஒன்றும் செய்யாது. (‘நடிகை போல முகம் மழமழவென்று ஆகிவிடுமா?’ என்று அண்ணி ஆவலோடு கேட்டார்.) ஸ்டீராய்டு மூட்டுக்குள் போடப்படுவது, வீக்கத்தையும் வலியையும் தணிப்பது, ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பு கெடக்கூடும் என்பதால் மருத்துவர் தயங்கினார். ஹயலுரானிக் அமிலம் மூட்டுநீரில் இயல்பாகவே உள்ள வழவழப்பான பொருள். பிஆர்பி என்பது நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து ஏற்றுவது. தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் ஒருவருடைய பலனை வைத்து இன்னொருவருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

எனக்கு அவர் பரிந்துரைத்தது மருந்தைவிட மூட்டை ஊசி வழியாகக் கழுவுதலை: ஆர்த்ரோசென்டெசிஸ்.

ஜூலை 21

ஞாயிறு முழுவதும் வாசிப்பில் போனது. நாள்பட்ட தாடை மூட்டு வலிக்காக 2023 டிசம்பரில் பிஎம்ஜே என்னும் மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டுதல், மேற்பார்வையுடன் கூடிய தாடைப் பயிற்சி, கைச்சிகிச்சை, மனநடத்தைச் சிகிச்சை போன்றவற்றை முன்னிறுத்துகிறது. போடாக்ஸ், ஹயலுரானிக் அமிலம், ஸ்டீராய்டு, மூட்டைக் கழுவுதல் ஆகியவற்றை வேண்டாம் என்ற பக்கத்தில், ஆனால் கண்டிப்பாக அன்றி நிபந்தனையுடன், வைக்கிறது. படித்ததும் மனம் கலங்கியது உண்மை. தொலைபேசியில் கேட்டபோது மருத்துவர் சினந்துகொள்ளவில்லை. அது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த வலியைப் பற்றியது என்றும், 1991இல் நிட்சான், டோல்விக், மார்ட்டினெஸ் ஆகியோர் இந்தக் கழுவும் முறையை விவரித்ததே என்னைப் போல் வாய் பூட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் என்றும் சொன்னார். பயிற்சியிலிருந்து தப்பிக்க ஊசி வழியாகாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஜூலை 25

காதின் முன்குருத்திலிருந்து கண்ணின் வெளிமுனை வரை மையால் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் காதிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி 2 மில்லிமீட்டர் கீழே ஒரு புள்ளி, 20 மில்லிமீட்டர் தள்ளி 10 மில்லிமீட்டர் கீழே இன்னொரு புள்ளி வைத்தார். மரத்துப்போகும் ஊசி சுருக்கென்று தைத்தது. அதன்பின் வலி இல்லை, அழுத்தம் மட்டுமே. முதல் ஊசி வழியாக ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலைச் செலுத்தியபோது காதுக்குள் ஆற்றில் மூழ்கியது போன்ற அடைப்பு ஏற்பட்டது. இரண்டாம் ஊசியின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வெளிவந்த நீர், கழுத்தடியில் விரித்திருந்த துணியை நனைத்துக்கொண்டே இருந்தது. நூறு மில்லிக்கு மேல் ஓடியபின், ஒரு ஊசியை எடுத்துவிட்டு மற்றதன் வழியாக 1 மில்லி ஹயலுரானிக் அமிலம் செலுத்தினார். எழுவதற்கு முன் அளந்தபோது 36.

மரத்துப்போகச் செய்த மருந்து முகநரம்பின் கிளைக்கும் பரவியதால் இடது கண்ணை மூட முடியாமல் போயிற்று. முன்பே எச்சரித்திருந்தாலும், கண்ணாடியில் ஒரு கண் மட்டும் இமைப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு திக்கென்றது. பஞ்சு ஒட்டிய கண்ணோடு பேருந்தில் கும்பகோணம் வந்தேன். மாலைக்குள் இமை இறங்கியது.

ஜூலை 27

காதுக்கு முன்னால் வீக்கம், கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்தாத உணர்வு. கஞ்சி. பயிற்சி ஆறு முறை.

ஆகஸ்ட் 1

அளவு 33 ஆகக் குறைந்திருந்தது. பயிற்சியில் இரண்டு நாள் விட்டுப்போனதை ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29

39 மில்லிமீட்டர். வட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டதா என்று கேட்டேன். அநேகமாக இல்லை, திரும்ப வேண்டிய கட்டாயமும் இல்லை என்றார். குழியோடு ஒட்டிக்கிடந்தது விடுபட்டு, அழற்சியை வளர்க்கும் கழிவுகள் வெளியேறினாலே குமிழ் நகர வழி கிடைத்துவிடுகிறதாம். அப்படியானால் கடைசியில் செலுத்திய அந்த 1 மில்லி எவ்வளவு உதவியது என்றேன். தண்ணீரின் வேலையையும் மருந்தின் வேலையையும் ஒரே மூட்டில் பிரித்துச் சொல்ல இயலாது என்று சிரித்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு முறை ஊசி இப்போது தேவையில்லை; பயிற்சியும் மென்மையான உணவும் தொடர வேண்டும். திங்கட்கிழமை கோகுலாஷ்டமிக்கு அண்ணி கொடுத்தனுப்பிய சீடை டப்பா இன்னும் மூடி திறக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.