மலை இருந்த இடம்

"எரிமலைன்னு சொன்னியே, மலை எங்கடா?" என்று கேட்டார் அம்மா. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், கிரேட்டர் லேக் ஏரியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். கீழே ஏரி மட்டும்தான். "இங்கதாம்மா இருந்துச்சு" என்றேன்.

கனடாவின் தெற்கிலிருந்து வடக்குக் கலிஃபோர்னியா வரை சுமார் 1,100 கிலோமீட்டர் நீள்கிறது கேஸ்கேட் மலைத்தொடர். கடலுக்கு அடியிலுள்ள பெரிய பாறைத் தட்டு ஒன்று கண்டத்துக்கு அடியில் நுழைந்துகொண்டே இருப்பதால் வரிசையாக எரிமலைகள். அதில் ஒன்றான மசாமா சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியே கொட்டிவிட, தாங்க ஏதும் இல்லாமல் உச்சி அப்படியே உள்ளே சரிந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் மழையும் பனியும் சேர்ந்துதான் ஏரி.

உள்ளே வரும் ஆறும் இல்லை, வெளியே போகும் ஆறும் இல்லை. வண்டல் கொண்டுவர ஆளில்லாததால் தண்ணீரில் கலங்கலே கிடையாது. வெளிச்சத்தின் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிட, நீலம்தான் சிதறித் திரும்புகிறது. படங்களில் பார்த்தபோது நிறத்தைக் கூட்டியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் படங்கள் குறைத்துத்தான் காட்டுகின்றன.

ஆழம் 594 மீட்டர். அந்த நாட்டிலேயே ஆழமான ஏரி இதுதான். 1886-இல் ஒரு குழு படகை மலை மேல் இழுத்து வந்து, பியானோ கம்பியில் எடை கட்டி இறக்கி அளந்திருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 608 மீட்டர். கம்பியை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியிருக்கிறார்களே!

மலை சரிந்த கதையைக் கிளாமத் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கீழுலகத் தலைவனுக்கும் மேலுலகத் தலைவனுக்கும் நடந்த போர் அது. அம்மாவுக்குத் தட்டு, குழம்பு எல்லாவற்றையும்விட இதுதான் பிடித்தது. கல்சுவரில் உட்கார்ந்து இரண்டு முறை சொல்லச் சொன்னார். அப்புறம் ஏரியில் செங்குத்தாக மிதக்கும் மரக்கட்டையைப் பற்றிச் சொன்னேன். ஏரியின் கிழவன் என்று பெயர். 1896-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், இன்னும் நின்றபடியே சுற்றுகிறது. வெகு நேரம் தேடினோம், கண்ணில் படவில்லை.

இரண்டு நாள் கழித்து வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் மலைக்குப் போனோம். 1980 மே 18 காலை 8:32-க்கு அதன் வடக்குச் சரிவு பெயர்ந்து விழுந்து மலை வெடித்தது. 57 பேர் இறந்தார்கள், உயரத்தில் 400 மீட்டர் போய்விட்டது. எதிரே ஸ்பிரிட் ஏரி. அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ பரந்து கிடக்க, "அது மணல்தானே?" என்றார் அம்மா. தொலைநோக்கியைக் கொடுத்தேன். அத்தனையும் மரங்கள். அன்று சாய்ந்தவை, இன்னும் ஆயிரக்கணக்கில் மிதக்கின்றன.

அம்மா தொலைநோக்கியைத் திருப்பித் தரவே இல்லை. காற்று வீச வீச, மாலைக்குள் மரங்கள் மொத்தமாக எதிர்க்கரைக்குப் போய்விட்டன.