பச்சையே இல்லாத செடி

கொடைக்கானல் சோலைக்காட்டில் நேற்று நாலு மணி நேரம் நடந்தது ஒரே ஒரு செடிக்காக. இலை கிடையாது, பச்சை கிடையாது. சருகை முட்டிக்கொண்டு செம்பழுப்பாய்த் தலைநீட்டும் பேலனோஃபோரா. முதலில் ஏதோ காளான் என்று தாண்டியே போய்விட்டேன். வழிகாட்டியாக வந்த அண்ணன்தான், "சார், நீங்க தேடுனது பின்னாடி இருக்கு" என்று கூப்பிட்டார். மானம் போச்சு.

தானே சமைக்காத செடி இது. மண்ணுக்கடியில் மரத்தின் வேரைக் கவ்விக்கொண்டு அதன் சாப்பாட்டை உறிஞ்சுகிறது. அப்புறம் பச்சையம் எதற்கு? அந்த உருண்டைத் தலையும் ஒரு பூ இல்லை, பூக்களின் கூட்டம். ஆண்பூ கண்ணுக்குத் தெரிகிறது. பெண்பூவோ மேக்ரோ லென்ஸிலும் வெறும் மணல் மாதிரிதான் விழுந்தது.

சோலைக்குள் பட்டப்பகலிலும் அந்தி வெளிச்சம்தான். ஃபிளாஷ் போட்டால் நிறம் கெட்டுவிடும். குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி இருபது படம் எடுத்தேன், தேறியது மூன்று. காலில் ஏறியிருந்த அட்டைகளும் மூன்று. கணக்கு சரி!

அடுத்து, குறிஞ்சிச் செடிகளின் வேரில் ஒட்டி வாழும் கிறிஸ்டிசோனியா. மழை தொடங்கட்டும்.