பைனி சாகிப்பில் ஒரு விடிகாலை

லூதியானாவிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரம்தான். ஆனால் ஜனவரிப் பனியில் சாலையே தெரியவில்லை. முன்னால் போன டிராக்டரின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே டிரைவர் ஓட்டினார். சீக்கியரில் ஒரு பிரிவான நாம்தாரிகளின் தலைமையிடம் பைனி சாகிப். அங்கே இறங்கும்போது விடிய இன்னும் நேரம் இருந்தது. உள்ளே சீக்கியர்களின் விடிகாலைப் பாட்டான 'ஆசா தி வார்' தொடங்கிவிட்டது.

தில்ரூபா என்ற நரம்பு வாத்தியத்தின் இழுவையோடு ராகம் மெல்ல விரிந்தது. எங்கும் வெள்ளை உடை. தலைப்பாகையை நெற்றியில் கோணம் விழாமல் நேர்க்கோடாகக் கட்டுவது நாம்தாரிகள் வழக்கம். பக்கத்தில் இருந்த பெரியவர் கையில் 108 முடிச்சுகள் கொண்ட வெள்ளைக் கம்பளி மாலை. சில முடிச்சுகள் தேய்ந்து பிசிறாகிவிட்டன. கண்ணை மூடியிருந்தாலும் அவர் விரல் ஒன்றைக்கூடத் தாண்டவில்லை.

இந்த ஊரில்தான் 1816இல் நாம்தாரிகளின் குரு ராம் சிங் பிறந்தார். தச்சர் குடும்பம். இருபது வயது வாக்கில் மகாராஜா ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்தார். சிப்பாயாக இருந்தபோதே ஹஸ்ரோ என்ற ஊரில் பாலக் சிங் என்ற குருவைக் கண்டு, நாம ஜபத்தில் மனம் போயிற்று. 1845இல் வேலையை விட்டு ஊர் திரும்பினார். 1857 வைசாகியன்று நாம்தாரி இயக்கம் இங்கே தொடங்கியது. விடியுமுன் குளி, பிறகு ஜபம் என்ற அவருடைய கட்டளையில் பட்டாளத்து வாசனை அடிப்பதாக எனக்குத் தோன்றியது.

ஜபத்தில் மெய்மறந்து கூவியதால் இவர்களுக்குக் 'கூக்கா' என்று பெயர். பஞ்சாபியில் 'கூக்' என்றால் கூவல். நம் காதுக்கும் சட்டென்று புரிகிற சொல். அன்று யாரும் கூவவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது 1863இல் அவர் செய்தது. கோட்டே கிராமத்தில் புரோகிதரும் சீர்வரிசையும் இல்லாமல் கல்யாணங்களை நடத்திவைத்தார். பெண்களுக்கும் சீக்கிய தீட்சையான அமிர்தம் கொடுத்தார். பெண் சிசுக்கொலை கூடாது என்றார். வெள்ளைக்கார சர்க்கார் மிரண்டு, ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்று அவரைக் கட்டிப்போட்டது.

எல்லாருக்கும் சாப்பாடு போடும் லங்கரில் தண்ணீர் பாட்டிலோடு சமையல் பக்கம் எட்டிப் பார்க்கப் போனேன். ஒரு அம்மா கையாலேயே தடுத்தார். சுத்தம் விஷயத்தில் இங்கே சலுகை கிடையாது. சரி என்று பந்தியில் உட்கார்ந்து, பெரியவரிடம் அரைகுறை இந்தியில் "குருஜி எப்போது காலமானார்?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "காலமானாரா? வருவார்."

1872இல் ராம் சிங்கை ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1885இல் பர்மாவிலேயே இறந்தார் என்பது சர்க்கார் கணக்கு. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் மட்டும் பஞ்சாபுக்கு வந்துகொண்டிருந்தன.

அப்புறம் மலேர்கோட்லா போனேன். நாடு கடத்தலுக்குக் காரணம் அங்கே நடந்ததுதான். பசுவதையால் கொதித்த கூக்காக்கள் சிலர், ராம் சிங் தடுத்தும் கேளாமல், 1872 ஜனவரியில் அங்கே போய்த் தாக்கினார்கள். 17ஆம் தேதி, விசாரணையே இல்லாமல் 49 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார் துணை ஆணையர் கவன். மறுநாள் இன்னும் 16 பேர். கவனின் தாடியைப் பிடித்து இழுத்த சிறுவனை வாளால் வெட்டினார்கள் என்று சொல்கிறார்கள்.

அவர்கள் நினைவிடத்தில் 66 அடி உயரக் கண்டா என்ற இருபுறக் கூர் வாள் நிற்கிறது. அதில் 66 துளைகள். பனி விலக விலக, ஒவ்வொன்றின் வழியாகவும் வானம் தெரிந்தது. எண்ணத் தொடங்கினேன். இருபதைத் தாண்டியதும் கணக்குத் தப்பிவிட்டது.