ஆடி வெள்ளிக்கு முன்

ஜூன் 3, செவ்வாய்
அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். நான்கு மணி நேரம். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பன் டீச்சரிடமிருந்து பதில் இல்லை.

ஜூன் 4, புதன்
பதில் வந்தது, ராத்திரி பதினொன்றரைக்கு. ஒரே ஒரு படம், கீழே "தம்பி, பதினேழாவது வரியைப் பார்" என்று ஆங்கிலத்தில். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் ஒரு பக்கம். நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் என்று கட்டம் கட்டமாகப் போகிறது. பதினேழாவது வரியில் அவள் பெயர், நாங்கள் ஆடியில் படைக்கிறவளின் பெயர். அவள்தானா என்பது வேறு விஷயம், பெயர் அவள் பெயர். வயது 19. தகப்பன் பெயர் சரியாக இருக்கிறது. ஜில்லா வடஆற்காடு. கூட வந்தவர்கள் யாரும் இல்லை. ஊர்ப் பெயர் மேல் மசி கொட்டியிருக்கிறது, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் கடைசியில் வெறும் சதுரங்கள்தான் மிஞ்சின. உடம்பில் உள்ள அடையாளத்தை எழுதும் கடைசிக் கட்டம் படத்தில் விழவே இல்லை. முக்கியமானது அதுதானே டீச்சர்!

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் யாரும் சொல்வதில்லை. எனக்கே போன வருஷம் அத்தை காதோடு காதாகச் சொல்லித்தான் தெரியும்.

ஜூன் 6, வெள்ளி
சொல்லியிருக்கக் கூடாது. ஊசி குத்தி மிஷின் ஓட ஆரம்பித்ததும் அப்பா கொஞ்சம் சாந்தமாக இருப்பார், அந்த நேரம் பார்த்துப் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "கிணத்துல விழுந்தவளுக்கு ஏதுடா கப்பல்?" என்றார். அப்புறம் சத்தமாக, "நாலு தலைமுறையா புடவை வெச்சுப் படைக்கிற சாமிடா அவ. சாமியக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்துல கூலிக்கு விடுறியா?"

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். மிஷின் கத்தியது. பிரஷர் ஏறியிருந்தது.

ஜூன் 7
அப்பா பேசவில்லை.

ஜூன் 11, புதன்
நான் படத்தை அனுப்பியிருந்த மொரீஷியஸ் தம்பி மசிக்கு அடியில் இருந்ததைப் படித்துவிட்டான். இவனுக்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை, முகம் கூடப் பார்த்ததில்லை, மூன்று நாளாக இந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருக்கிறான். அதே குமாஸ்தா வேறு பக்கங்களில் எழுதிய எழுத்துகளை எல்லாம் வெட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, "அண்ணே, இது பூட்டூர்" என்றான். பூட்டூர் என்று ஓர் ஊர் கிடையாது. வெள்ளைக்காரன் காதில் விழுந்து பூட்டூர் ஆன ஊர். ஒரே ஒரு டி (T) போட்டிருக்கிறான் பாவி. இன்னொரு டி போட்டிருந்தால் புத்தூர், அந்த டிக்குப் பதில் மற்ற டி (D) எழுதியிருந்தால் புதூர். இங்கிலீஷ்காரனுக்கு இரண்டு டி இருந்தும் நமக்கு ஒன்றும் உதவவில்லை.

நம் ஊரும் ஒரு புதூர்தான். ஆனால் புதூர் இல்லாத தாலுகா எது?

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அய்யாவுக்குப் போன் போட்டேன். பழைய நில செட்டில்மெண்ட் பதிவேடு என்றால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம். தாலுகா கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கார்வேட்நகர் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு முழு வகுப்பு எடுத்தார். அந்தக் காலத்து வடஆற்காடு இன்றைய வேலூர், ராணிப்பேட்டையோடு நிற்கவில்லை, சித்தூரும் காளஹஸ்தியும் அதற்குள்தான். 1911-ல் சித்தூர் தனி ஜில்லா ஆனபோது கார்வேட்நகர் ஜமீன் பக்கமெல்லாம் அங்கே போனது. பிறகு 1960-ல் திருத்தணிப் பகுதி மட்டும் திரும்ப நம் பக்கம் வந்தது. ஆக, கார்வேட்நகர் என்றால் இன்றைக்கு ஆந்திராவிலும் இருக்கலாம், திருத்தணிப் பக்கம் நம் புதூராகவும் இருக்கலாம், இல்லை ரயில் நிற்கிற அந்தப் புத்தூராகவே இருக்கலாம். பிறப்புப் பதிவு தேடலாமா என்றேன். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-ல்தான், அதற்கு முன்னாலேயே உங்க பாட்டி கப்பல் ஏறிட்டாளே என்றார். தகப்பன் பெயர் பொருந்துகிறதே என்று விடாமல் கேட்டேன். "அந்தப் பக்கம் கல்லை விட்டெறிஞ்சா அந்தப் பேர்க்காரன் மேலதான் தம்பி விழும்."

உங்க பாட்டி என்று அவர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்கப் போகிறேன்.

ஜூன் 12
டீச்சர் இன்று நல்ல மூடில் இருந்தார். டர்பனில் யாரைக் கேட்டாலும் எங்கள் பாட்டன் ட்ரூரோவில் வந்தவர் என்பார்களாம், சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பரில் டர்பன் வந்து சேர்ந்த முதல் கப்பல். அதில் போனதே 342 பேர். "அத்தனை பேரன்மாரையும் திருப்பி ஏற்றினால் கப்பல் முழுகிவிடும்."

ஜூன் 15, ஞாயிறு
படையல் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். போன வருஷத்துப் புடவையை அத்தை கட்டிக்கொண்டாள், அதனால் உள்ளே தட்டு, விளக்கு, கண்ணாடி வளையல் மட்டும். வளையல் ஒரு கைக்குத்தான் இருக்கிறது, ஆறு. நம் வீட்டில் புடவைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வளையல் வைப்பது. மற்ற வீடுகளில் இரண்டு பக்கமும் வைப்பார்கள். சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், "அப்படித்தான்" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்
நான்கு மணி நேரமும் ஒரே யோசனை. பத்தொன்பது வயசுப் பெண் தனியாக எப்படிச் சென்னை வரைக்கும் போனாள்? நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்று விதி இருந்ததாம், அந்தக் கணக்குச் சேராமல் கப்பல் கிளம்பாது. தனியாக நிற்கிற பெண்ணைக் கண்டால் ஆள் பிடிப்பவர்கள் விடுவார்களா? சந்தையிலோ கோயிலிலோ எவனாவது வந்து பேசியிருப்பான். அல்லது யாரும் பேசவே வேண்டியிருக்கவில்லை, அவளாகவே கிளம்பிவிட்டாள். தாது வருஷப் பஞ்சம் (1876-78) முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம். பஞ்சத்தில் குழந்தையாக இருந்து பிழைத்தவள். அவளைப் புருஷன் அடித்தானா, மாமியாரா, இல்லை நம் ஆட்களேவா? கிணற்றில் விழுந்தாள் என்று யார் முதலில் சொன்னார்கள்? உடம்பைப் பார்த்தது யார்? காரியம் செய்தவர்களுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் செய்தார்களா?

அப்பாவிடம் கடைசிக் கேள்வியை மட்டும் கேட்டேன். "தெரிஞ்சா படைப்பாங்களா?" என்றார். கொஞ்சம் பொறுத்து அவராகவே, "தெரிஞ்சதாலதான் படைச்சாங்களோ என்னமோ."

ஜூன் 19
டிஎன்ஏ பேச்சு. டீச்சர் ஏற்கெனவே எச்சில் கொடுத்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் கொள்ளுப்பாட்டன் கொள்ளுப்பாட்டி வழியாகச் சொந்தம் இல்லை, அதற்கும் ஒரு படி மேலே. அந்தத் தூரத்துச் சொந்தங்களில் பத்தில் ஒருவருக்கு ஒன்றுமே பொருந்தாமல் போகலாமாம். அப்பா கொடுத்தால் ஒரு தலைமுறை பக்கம். ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்று உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட ஜனம் நாம், எல்லாரும் எல்லாரோடும் கொஞ்சம் பொருந்துவோம், இருக்கும் உறவைவிட நெருக்கமாகக் காட்டும் என்று மொரீஷியஸ் தம்பி எச்சரிக்கிறான். அப்பாவுக்குக் குடிக்கத் தண்ணீரே அளந்து கொடுக்கிறோம், வாய் காய்ந்து கிடக்கிறது. அவரிடம் போய் எச்சில் கேட்க எனக்கு மனசில்லை.

ஜூன் 20
வேண்டாம்.

ஜூன் 26, வியாழன்
கடைசிக் கட்டம் வந்துவிட்டது. டீச்சர் மறுபடி போய்ப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

இடது முன்கையில் தீக்காயத் தழும்பு.

ஜூன் 27
படையல் பெட்டியைத் திறந்து மூடினேன். திறந்து மூடினேன்.

ஜூன் 28, சனி
வளையல் விஷயத்தை இருவருக்கும் எழுதினேன். காயம் பட்ட கையில் வளையல் போடமாட்டாள், அதனால்தான் ஒரு கை. டீச்சர் பதிலுக்கு அழுகிற முகம் ஒன்பது அனுப்பினார். தம்பி அப்படி இல்லை. அதே கப்பலில் அடுப்புச் சூடு பட்ட பெண்கள் இன்னும் நான்கு பேரைக் காட்டினான். அடுப்படியில் வளர்ந்த பெண்களுக்கு வேறென்ன தழும்பு இருக்கும் என்று கேட்கிறான். இரண்டாவது ஆவணம் கிடைக்கும்வரை வம்ச மரத்தில் ஏற்றாதீர்கள் அண்ணே, ஏற்றிவிட்டால் நாளைக்கே நாற்பது பேர் அதைப் பார்த்துக் காப்பி அடிப்பான், அப்புறம் அது அழியாது. அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவனுக்கென்ன, அவர்கள் ஊர் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் வந்து இறங்கியவர்களின் போட்டோவே இருக்கிறது, அவன் கொள்ளுத்தாத்தா அவனைப் பார்த்து முறைக்கிறார். எனக்கு ஒரு வரியும் ஒரு தழும்பும்.

ஜூலை 4, வெள்ளி
அப்பாவுக்குக் காய்ச்சல். மூன்று மணி நேரத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 5
காய்ச்சல்.

ஜூலை 9, புதன்
வீட்டுக்கு வந்தாகிவிட்டது. அப்பா கஞ்சி குடித்துவிட்டு, நான் ஒன்றும் கேட்காமலே, "அந்தம்மா என்ன சொல்றாங்க?" என்றார்.

டீச்சர் சொன்னதைச் சொன்னேன். அவருடைய ஆயாவின் அம்மாவைப் பற்றி அவர்கள் கையில் இருக்கும் ஆவணம் அந்தக் கப்பல் பட்டியல் நம்பர் மட்டும்தான். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தும் அவள் திரும்பவில்லை, அங்கேயே கல்யாணம், அங்கேயே சாவு. வருஷா வருஷம் அந்தத் தேதியில் விளக்கு வைக்கிறார்கள், ஏன் என்று இவருடைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அங்கே ஒரு நாள், இங்கே ஆடியில் ஒரு நாள். "நீங்கள் அவளுக்கு என்ன வைப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார், அதையும் படித்துக் காட்டினேன்.

"மஞ்சள் புடவைன்னு எழுது" என்றார் அப்பா. "சிவப்புக் கரை."

ஜூலை 13
டீச்சர் மஞ்சள் புடவை வாங்கிவிட்டார். கரை பச்சை. பரவாயில்லையா என்கிறார். அப்பா அரை மணி யோசித்து, பரவாயில்லை.

ஜூலை 16, புதன்
ராத்திரி இரண்டு மணி. திடீரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வளையல் வலப்பக்கம். ஆனால் யாருக்கு வலப்பக்கம்? புடவை நம்மைப் பார்த்து இருக்கிறது. நமக்கு வலது என்றால் அவளுக்கு இடது, அந்தத் தழும்புக் கை. அவளுக்கு வலது என்றால்தான் நான் சொன்ன கதை நிற்கும். அம்மா வைப்பதை நாற்பது வருஷம் பார்த்திருக்கிறேன், கண்ணை மூடினால் அம்மா கை தெரிகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. போன வருஷப் போட்டோவில் விளக்கு மறைக்கிறது.

ஜூலை 17
அத்தைக்குப் போன். "வாயால கேட்டா எனக்கு எப்படிடா தெரியும்? புடவைய விரிச்சா கை தானா போவும். நாளைக்கு வரேன்." டீச்சரும் காத்திருக்கிறார், அவர் புடவையையும் விரிக்க வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி
டயாலிசிஸைக் காலையிலேயே முடித்துக்கொண்டு வந்துவிட்டோம். அப்பா நாற்காலியைக் கூடத்துக்கு நகர்த்தச் சொன்னார். அத்தை குளித்துவிட்டு ஈரத் தலையோடு புடவையை மடித்துக்கொண்டிருக்கிறாள்.