அரண்மனைத் தோட்டமும் சுண்ணாம்புச் சுவரும்

திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைகிறவர்கள் தலையை உயர்த்தித் தூண்களையும் வளைவுகளையும் பார்ப்பார்கள். தாவரவியல் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்த எனக்கோ, கண் முதலில் போவது சுவரும் தரையும் சேரும் இடத்துக்குத்தான். அங்கே பாசி படிந்திருக்கிறதா, பூச்சு பொரிந்திருக்கிறதா, விரிசலில் அரசங்கன்று ஏதேனும் தலைகாட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே நிமிர்வேன். உடன் வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால், ஓர் அரண்மனைத் தோட்டம் நன்றாகப் பராமரிக்கப்படுகிறதா என்பதைப் பூக்களைக் கொண்டு முடிவு செய்ய முடியாது, சுவரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

1636-இல் கட்டப்பட்ட மகாலைக் கருங்கல் கட்டடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி செங்கல்லும் சுண்ணாம்பும். கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து இழைத்த சுதைப் பூச்சுதான் அந்தத் தூண்களுக்கும் வளைவுகளுக்கும் வழுவழுப்பைத் தந்தது என்பார்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமே மகாலின் செங்கல்லுக்காக மண் எடுத்த பள்ளம்தான் என்று மதுரையில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அது எப்படியிருந்தாலும், செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தைக் குடிக்கும் பொருள்கள். கருங்கல் கோயிலின் பக்கத்தில் நந்தவனம் வைப்பதும், சுதைக் கட்டடத்தின் பக்கத்தில் தோட்டம் போடுவதும் ஒரே வேலை ஆகாது.

நாயக்கர் காலத்து மகாலில் சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்ற இரு பெரும் பகுதிகளும், அவற்றைச் சார்ந்து குடியிருப்பு, நாடகசாலை, வழிபாட்டிடம், ஆயுதசாலை, பல்லக்கு வைக்கும் இடம், குளம், தோட்டம் எல்லாமும் இருந்தன. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் தலைநகர் திருச்சிராப்பள்ளிக்குப் போனபோது இங்கிருந்து நிறையப் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள்; இன்று நாம் பார்ப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். பழைய வளாகம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை அறிய வேண்டுமானால், பத்துத்தூண் சந்தில், கடைகளுக்கு நடுவே தனியே நிற்கும் அந்தத் தூண்களைப் போய்ப் பார்க்க வேண்டும். குளமும் தோட்டமும் இருந்த நிலத்தில் இப்போது தெருக்கள் இருக்கின்றன. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அக்கறை எடுத்துக்கொண்டதாலும், கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸம் முன்னின்று செப்பனிட்டதாலும் மிச்சம் நமக்குக் கிடைத்தது. ஆகவே மகாலின் முன்னால் இன்று நாம் காணும் செடிகளை நாயக்கர் தோட்டத்தின் தொடர்ச்சி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

நாயக்கர் தோட்டத்தை அப்படியே திரும்ப உண்டாக்க வேண்டும் என்று அவ்வப்போது சிலர் ஆர்வத்தோடு சொல்வதுண்டு. அவர்கள் வரைந்து காட்டும் படத்தில் காகிதப்பூவும் குல்மோகரும் தவறாமல் இருக்கும். காகிதப்பூ தென் அமெரிக்கச் செடி. ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் பிரேசிலில் அதைக் கண்டெடுத்ததே 1760-களில்தான். குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. கல்லூரி வளாகங்களில் நிழல் விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் கடல் கடந்து வந்ததே. சிவன் கோயில்களில் நாம் கைகூப்பி நிற்கும் நாகலிங்கத்துக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா. இதற்காக, நன்றாக வளர்ந்து நிற்கும் மரங்களை வெட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிழல் தரும் மரத்திடம் ஊரையும் பேரையும் விசாரிப்பது எனக்குப் பிடிக்காது. புதிதாக நடும்போது மட்டும் மகிழம், புன்னை, மருதம், நந்தியாவட்டை, பவழமல்லி, விருட்சி என்று இந்த மண்ணுக்குப் பழகியவற்றை நட்டால் தண்ணீர்ச் செலவும் குறையும், காலத்துக்கும் பொருந்தும். கடம்பவனம் என்று பேர் பெற்ற ஊரில் கடம்பைத் தேடி அலைய வேண்டியிருப்பது தனி வருத்தம்.

மரத்தின் நிழலில் நின்று அரண்மனையைப் பார்க்க விரும்புகிறவர்கள் தமுக்கத்துக்குப் போகலாம். ராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனை என்று அறியப்படும் அந்தக் கட்டடத்தில்தான் 1959 ஏப்ரல் 15 அன்று நேரு காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சி நடத்திய மங்கம்மாளை, சாலை போட்டு இருபுறமும் மரம் வைத்த அரசியாகத்தான் நம் பக்கத்து மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் பேரைத் தாங்கிய அரண்மனையைச் சுற்றி மரங்கள் இருப்பதும், அவற்றுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் வெயிலும் காற்றும் புகுந்துவர இடம் இருப்பதும் பார்க்க நிறைவாக இருக்கிறது. காலையில் போனால் கிளிகளின் சத்தம் அருங்காட்சியகத்துக்குள்ளேயே கேட்கும்.

என் கைக்கு மண் பட்ட இடம் வேறு. விசுவநாத நாயக்கர் காலத்தில் அமைந்ததாகச் சொல்லப்படும் எழுபத்திரண்டு பாளையங்களின் மரபில் வந்த ஒரு குடும்பத்தின் அரண்மனை அழகர் மலைக்கு அப்பால் இருக்கிறது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊரையும் பேரையும் எழுதவில்லை. என் பழைய மாணவர்கள் சிலரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்த் தோட்டக்காரப் பெரியவருக்குக் கைவேலைக்கு உதவுகிறோம். பெரியவர்தான் எங்களுக்கு ஆசிரியர்.

நாங்கள் போனபோது முகப்புச் சுவரின் அடியில், ஆள் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அதற்கு முன் வேலை எடுத்திருந்த ஓர் ஒப்பந்தக்காரர் சுவரை ஒட்டியே கொரியன் புல் பதித்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கக் குழாய் போட்டிருந்தார். மதுரை வெயிலில் புல்தரை பச்சையாக நிற்க வேண்டுமானால் நாள் தவறாமல் தண்ணீர் விட்டாக வேண்டும். அந்தத் தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். மண்ணிலிருந்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறும். வெயில் பட்டு நீர் ஆவியாகிவிட, அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் பூச்சுக்குப் பின்னால் தங்கிப் படிகமாகி, இடம் போதாமல் பூச்சை வெளியே தள்ளும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூப்பது இதன் முதல் அறிகுறி. மழைக்காலத்தில் நனைந்து கோடையில் காய்வது எல்லாச் சுவருக்கும் உண்டு, அதைச் சுண்ணாம்பு தாங்கிக்கொள்ளும். நாள்தோறும் நனைத்து நாள்தோறும் காயவைத்தால் எந்தச் சுவரும் தாங்காது.

பெயர்ந்த இடத்தில் ஒருவர் சிமெண்ட் பூசி மூடியும் இருந்தார். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் சிமெண்ட் பூச்சுக்கு மேலே இன்னும் ஓர் அடி ஏறிச் சென்று அங்கே உப்புப் பூக்க வைத்திருந்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். கூலி கூடுதல், காய்வதற்கு நாளும் கூடுதல். ஆனாலும் பழைய சுவருக்கு அதைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

புல்லை எடுத்துவிட்டு, சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு எதுவும் நடாமல், தரையை வெளிப்பக்கம் சாய்வாக வெட்டிச் சரளை போட்டோம். குடும்பத்துப் பெரியம்மாவுக்கு முதலில் இதில் விருப்பமில்லை. மொட்டையாக இருக்கிறதே என்றார். பிறகு களையெடுக்கும்போது பழைய கமலைக் கிணற்றிலிருந்து வரும் கல் வாய்க்கால் மண்ணுக்கடியில் தட்டுப்பட்டது. அது அரண்மனைச் சுவரை நெருங்காமல், நன்றாகத் தள்ளி வளைந்து போய்த் தென்புறத்தில் பாத்திகளாகப் பிரிந்தது. பூச்செடிகளை எங்கே வைக்க வேண்டும் என்று கட்டியவர்களே வரைந்து வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்த பின் பெரியம்மா மறுபேச்சுப் பேசவில்லை. இப்போது மல்லிகையும் செவ்வரளியும் அந்தப் பழைய பாத்திகளில்தான் நிற்கின்றன. கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டதால் செடிகளின் தூரில் மட்டும் சொட்டுநீர் விடுகிறோம்.

மண் வகையும் பார்க்க வேண்டும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் தண்ணீரை வடியவிடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலோ மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். அங்கே சுவருக்கு அருகில் பெரிய மரம் நின்று ஈரத்தை உறிஞ்சினால் அடித்தளமே அசையக்கூடும். நல்லவேளையாக எங்களுக்கு வாய்த்தது செம்மண்.

வேலையில் பெரும்பங்கு செடி வைப்பதில் இல்லை, செடி எடுப்பதில்தான். அரசு, ஆல், அத்தி, இச்சி எல்லாமே பறவைகள் பழம் தின்று எச்சமிடும் இடத்தில் முளைப்பவை. மழைத்தண்ணீர் கசியும் விரிசல் கிடைத்தால் போதும். இரண்டு இலை விட்டிருக்கும்போது ஈரத்தில் கிள்ளினால் வேரோடு வந்துவிடும். ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டால் கதை வேறு. என் மாணவன் ஒருவன் வாசல் மாடத்தில் வளர்ந்திருந்த கன்றைப் பலம் கொண்ட மட்டும் இழுக்கப் போனபோது பெரியவர் ஓடிவந்து தடுத்தார். “தம்பி, இதை இழுத்தா செடி வராதுப்பா, செவருதான் வரும்” என்றார். வெட்டினாலும் பயனில்லை, வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கும். தண்டைத் தாழ வெட்டி, அடிக்கட்டையில் துளையிட்டு மருந்து வைத்து, உள்ளே ஓடிய வேர் முழுதும் சாகும்வரை பொறுத்திருந்து, செத்த வேரைப் பிடுங்காமல் விட்டுவிட்டு, இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பதே முறை.

வாசல் கோபுரத்து அரசமரம் மட்டும் இந்த முறைக்குள் அடங்கவில்லை. அது பருத்து, ஊர்ப் பெண்கள் மஞ்சள் துணி கட்டும் அளவுக்கு வந்துவிட்டது. அதில் கை வைக்கக்கூடாது என்று ஊரார் சொன்னார்கள். வேர் கோபுரத்தின் ஒரு பக்கத்தையே பிளந்திருப்பதை ஏணி வைத்து ஏறிக் காட்டினோம். பேச்சு பல வாரம் நீண்டது. முடிவில் பெரியவர் சொன்ன வழிதான் எல்லாருக்கும் பிடித்தது: அந்த மரத்திலிருந்தே ஒரு போத்தை வெட்டிக் கண்மாய்க் கரையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் நட்டு, அது துளிர்விட்ட பிறகு கோபுரத்து மரத்தை எடுப்பது. போத்து ஆடியில் நடப்பட்டது. நாலைந்து இலை விட்டிருக்கிறது. மஞ்சள் துணியும் அங்கே போய்விட்டது.

மதுரைப் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். அதற்குள் மாடித் தளத்தின் தூம்புகளில் அடைத்திருக்கும் சருகை வாரி, தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழும்படி செய்தாக வேண்டும். நவம்பர் கடைசி வாரத்தில் மல்லிகைக்குக் கவாத்து. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டிவிட்டால், பங்குனியில் மொட்டு வரும். கோபுரத்தைத் தொடுவது தை பிறந்து மழை விட்ட பின்தான், ஈரத்தில் சுண்ணாம்பு வேலை நிற்காது என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த மரத்தின் கிளைகளை மட்டும் கழித்துப் பாரத்தைக் குறைத்து வைக்கிறோம்.