ஈறுக்கு லேசர்: முதலில் அளவைக் கேளுங்கள்

தெருவுக்கு ஒரு பல் கிளினிக் இருக்கிறது, பாதிக் கிளினிக் வாசலில் ‘வலியில்லா லேசர் ஈறு சிகிச்சை’ என்று போர்டு தொங்குகிறது. லேசர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஈறு நோயைக் குணப்படுத்துகிற முக்கியமான வேலையை அது செய்வதில்லை, அதைத் தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

அம்மாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. பல் தேய்த்தால் ரத்தம் வரும், கீழ் முன்பல் லேசாக ஆடத் தொடங்கியிருந்தது. முதலில் போன இடத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததுமே லேசர் பேக்கேஜ் விலையைச் சொன்னார்கள். அடுத்துப் பார்த்த டாக்டர் ஈறு நோய்க்கென்றே எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படித்தவர். அவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளந்தார். “மூணு, ரெண்டு, அஞ்சு... மூணு, நாலு, ஆறு” என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டே வந்தார். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. மூன்று வரை இருந்தால் பயமில்லை. ஐந்து, ஆறு என்றால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைய ஆரம்பித்திருக்கலாம், அந்தப் பள்ளத்துக்குள் நம் பிரஷ் போகவே போகாது.

அந்தப் பள்ளத்துக்குள், பல் வேரில் காரை, அதாவது கல் மாதிரி கெட்டியாகிப் போன அழுக்கு, ஒட்டியிருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு அதைச் சுரண்டி எடுப்பதுதான் டீப் க்ளீனிங், அதுதான் சிகிச்சை. நம் ஊர்க் கிளினிக்குகளில் பெரும்பாலும் இருப்பது டயோட் லேசர். அதன் நுனி நூல் மாதிரி மெல்லிசாக இருக்கும். உள்ளே விட்டால் கிருமியையும் புண்ணான சதையையும் சுடும், ரத்தக் கசிவைக் குறைக்கும், ஆனால் கெட்டியாகிப் போன காரையை எடுக்காது. எர்பியம் என்ற வேறு வகை லேசரால் காரையை எடுக்க முடியும், அது எல்லா இடத்திலும் இருக்காது. யூடியூபில் அமெரிக்க டாக்டர்கள் காட்டும் லேனாப் என்ற லேசர் ஈறு சிகிச்சைக்கான மெஷினும் வேறு, அது என்டி-யாக் என்ற இன்னொரு வகை லேசர். அமெரிக்க ஈறு மருத்துவர்கள் சங்கமே 2018-ல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, டீப் க்ளீனிங்கோடு லேசரைச் சேர்ப்பதால் வரும் கூடுதல் பலன் குறைவு, ஆதாரமும் போதவில்லை என்ற முடிவுக்குத்தான் வந்தது.

“ஏண்டி, சுரண்டினா பல்லு ஆடிப்போயிடும்ங்கிறாங்களே?” என்று அம்மா பயந்தார். வீட்டுக்கு வீடு கேட்கிற பயம் இது. இடுக்கை அடைத்துக்கொண்டிருந்த காரை போனதும், வீங்கிய ஈறு வற்றியதும், ஏற்கெனவே இருந்த இடைவெளி வெளியே தெரிகிறது, அதைப் பார்த்துத்தான் பல் ஆடிப்போய்விட்டதாக நினைக்கிறோம், அவ்வளவுதான். டாக்டர் எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருந்த இடத்தைக் காட்டி, “இதை இப்படியே விட்டாத்தாம்மா ஆடும்” என்றார். அம்மா சரி என்று உட்கார்ந்துவிட்டார். க்ளீனிங் முடிந்து ஆழமான இடங்களில் மட்டும் லேசரும் வைத்தார்கள்; எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, லேசாகப் பொசுங்கின வாடை, வேறு தொந்தரவு இல்லை.

சில வாரம் கழித்துத் திரும்ப அளந்தபோது ஆறு இருந்த இடங்கள் பெரும்பாலும் நாலாகியிருந்தன. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வாயோடு நிற்கிற விஷயமில்லை: ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தால் மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைவதாக, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த அளவுச் சார்ட்டைக் கேட்டு வாங்குங்கள், லேசருக்கு முன்னால் டீப் க்ளீனிங் உண்டா, திரும்ப எப்போது அளப்பீர்கள் என்றும் கேளுங்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, தாராளமாகப் போகலாம். அப்புறம் டாக்டர் சொல்கிற இடைவெளியில், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செக்கப் போயே ஆக வேண்டும், லேசர் வைத்தவர்களும்தான்.