பெயர் மாற்றியும் பழைய ஆள்

வீட்டில் இரண்டு ராஸ்பெரி பை (கையளவு குட்டி கம்ப்யூட்டர்) இருக்கின்றன. வந்த நாளிலிருந்து இரண்டுக்கும் 'ராஸ்பெரிபை' என்று ஒரே பெயர், எது பாட்டுக்கு எது பேக்கப்புக்கு என்று ஒவ்வொரு முறையும் ஐபி எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நேற்று ராத்திரி ஒரு வேகத்தில் உள்ளே நுழைந்து, செட்டிங்ஸ் ஃபைல்கள் கிடக்கும் இடிசி ஃபோல்டரில், மெஷினின் பெயர் இருக்கும் ஹோஸ்ட்நேம் ஃபைலைத் திறந்து (மொத்தமே ஒரு வரிதான்) பழையதை அழித்து 'பாட்டுப்பெட்டி' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ரீபூட் செய்தேன்.

அங்கேதான் வம்பு. சுடோ (அட்மின் உரிமையோடு கட்டளை ஓட்டும் வார்த்தை) போட்டு எதை அடித்தாலும், இந்த ஹோஸ்ட், அதாவது இந்த மெஷின், யாரென்று தெரியவில்லை என்று ஒரு புலம்பல். வேலை நடக்கிறது, புலம்பிவிட்டுத்தான் நடக்கிறது!

பக்கத்திலேயே ஹோஸ்ட்ஸ் என்று இன்னொரு ஃபைல், அதில் 127.0.1.1 வரியில் பழைய பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. டெபியன் குடும்பத்து லினக்ஸில் (பையில் ஓடுவதும் அதுதான்) மெஷின் தன் பெயரைத் தேடுவது அந்த வரியில்தான். அதையும் புதுப் பெயராக மாற்ற வேண்டும். மேலே இருக்கும் 127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட் வரியை மட்டும் தொடாதீர்கள், அதை நம்பிப் பல புரோகிராம்கள் இருக்கின்றன.

பெயரில் இங்கிலீஷ் எழுத்து, எண், நடுவில் ஹைஃபன், அவ்வளவுதான். அண்டர்ஸ்கோர் கூடாது. ராஸ்பி-கான்ஃபிக் என்ற பையின் செட்டிங்ஸ் மெனுவில் மாற்றினால் இரண்டு ஃபைலையும் அதுவே பார்த்துக்கொள்ளும், தெரியும், சொல்ல வராதீர்கள்.

இப்போது லேப்டாப்பில் பெயருக்குப் பின்னால் டாட் லோக்கல் போட்டால் நேரே போய் நிற்கிறது. பேக்கப் பெட்டிக்குத்தான் இன்னும் பெயர் சிக்கவில்லை.